ஒன்பது கேள்விக்குறிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் தாய்மாமா சுகுமாறன் போன் செய்தார். நான் தெப்ராவில், அலுவலகத்தில் இருந்தேன். வேலை நேரத்தில் மாமா கூப்பிட்டால் யாராவது இறந்திருக்க வேண்டும், அல்லது கோயில் கமிட்டியில் நாற்காலி பறந்திருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டும் இல்லை.

“லோஷினி, அந்த மயானத்து வெப்சைட்ட கொஞ்சம் தொறந்து பாரு. பேரெல்லாம் பூச்சி பூச்சியா வருது லா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கண்ட்ராக்டருக்கு லிஸ்ட்டு போவணும்.”

“என்ன பூச்சி?”

“எனக்கென்ன தெரியும்? நீதான கம்பியூட்டர் படிச்ச.”

திறந்து பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் தலையில் கோடு போட்ட a, வட்டத்துக்குள் அடைபட்ட R, நடுநடுவே ஏதோ நாட்டுக் காசின் சின்னங்கள். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பூச்சிகூட இல்லை. வெறும் கேள்விக்குறிகள், வரிசை வரிசையாக. அந்த வெப்சைட்டைக் கட்டியது நான். ஐந்து மாதத்துக்கு முன் அதைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றியதும் நான்தான்.

விஷயம் இதுதான். செனாய், கூலாய் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே எங்கள் குடும்பங்கள் எல்லாம் வேலை செய்த ரப்பர் எடுக்கும் ஒரு பால்மரத் தோட்டம் இருந்தது. அதை விற்றுவிட்டார்கள். அங்கே டேட்டா சென்டர் வரப் போகிறது. உலகத்தில் யார் யாரோ எடுத்த போட்டோக்களைப் பத்திரமாக வைப்பதற்காக, எங்கள் தோட்டத்து மயானத்தில் படுத்திருக்கும் நானூற்றுப் பதினைந்து பேரும் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும். மயானத்தை இடம் மாற்றும் கண்ட்ராக்டரின் கடிதத்தில் விதி தெளிவாக இருந்தது. பெயரும் உறவினர் விவரமும் உள்ள கல்லறைக்குப் புதிய மயானத்தில் தனி இடம், தனிக் கல். பெயர் இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே குழிக்குள் போவார்கள்.

ஆகவே மாமாவின் கமிட்டி வீடு வீடாகப் பெயர் சேகரித்தது. குடும்பத்தார் தாங்களே போனில் பதிவு செய்யவும் நான் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். பழைய சர்வர்க்காரன் கடையை மூடுவதாகச் சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினேன். வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்தேன். என்ன தட்டச்சு செய்து சோதித்தேன் தெரியுமா? “test test 123”. தமிழர்களின் பெயருக்காகத் தமிழச்சி கட்டிய பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் அடித்துப் பழகிய விரல். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஒரு அட்டவணை அதன் கையில் இருக்க வேண்டும். புதிய சர்வர் கையில் வைத்திருந்தது ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய அட்டவணை. பழைய சர்வரிலிருந்து வந்த பெயர்களின் எண்கள் சேதமில்லாமல் இருந்தன, தப்பான அட்டவணையால் படித்ததில் பூச்சியாகிவிட்டன. அவற்றை மீட்டுவிடலாம். ஆனால் மாற்றியதற்குப் பிறகு பதிவான பெயர்களின் கதி வேறு. அந்த அட்டவணையில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாததால், சர்வர் ஒவ்வொன்றையும் வெளியே எறிந்துவிட்டு, எறிந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை நட்டு வைத்துவிட்டது. எறிந்தது எறிந்ததுதான்.

ஐந்து மாதமாக ஏன் ஒருவர்கூடச் சொல்லவில்லை? பொந்தியானில் இருக்கும் விஜயன் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் தன் அப்பா பெயரைப் பதிவு செய்தவர்.

“பாத்தேன்மா. நம்ம போன் பழசு, அதுல தமிழ் இருக்காதுன்னு நெனச்சேன்.”

அடுத்து கஸ்தூரி அக்கா. “எம்மவன் போன்ல பாத்தா நல்லா தெரியும்னு நெனச்சேன், கேக்க மறந்துட்டேன்.” மூன்றாவது ஆளும் அதையே சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேங்க் ஆப்பில் ஒரு ஆங்கில எழுத்து இடம் மாறினால் இதே ஆட்கள் கவுண்டரில் போய் மேசையைத் தட்டுவார்கள். தமிழ் உடைந்தால் மட்டும் நாம் நம் போனைத்தான் சந்தேகப்படுகிறோம். சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தேன், “test test 123” நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

மதியமே அவசர விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். முதலில் டேட்டாபேஸை அப்படியே நகல் எடுத்து, நகலில் கை வைத்தேன். நல்ல வேளை. நேரடியாகச் சரியான அட்டவணையை நீட்டினால், சர்வர் உதவி செய்கிறேன் பேர்வழி என்று பூச்சிகளையே அக்கறையாக மொழிபெயர்த்து நிரந்தரப் பூச்சிகளாக்கிவிடுகிறது. முதல் முறை அதுதான் நடந்தது. நகலைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை பெயர்ப் பத்தியை எந்த அட்டவணையும் சேராத வெறும் எண்கள் என்று முதலில் அறிவித்தேன். சர்வர் மொழிபெயர்க்கும் ஆசையை விட்டது. அதன் பிறகு அந்த எண்களின் மேல் எல்லா மொழிக்குமான அட்டவணையை வைத்தேன்.

திரையில் முதல் வரி அசைந்தது. “அங்கம்மா.” அடுத்து “தங்கராஜு.” பிறகு சரசரவென்று முந்நூற்று எண்பத்தெட்டுப் பேர், யாரோ விளக்குப் போட்டதுபோல எழுந்து நின்றார்கள். நான் நாற்காலியில் இருந்தபடியே அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

பிறகு அதையே அசலிலும் செய்து முடித்தேன். மிச்சம் இருபத்தேழு பேர் கேள்விக்குறிகளாகவே நின்றார்கள். ஆனால் கேள்விக்குறி ஆனது தமிழ் மட்டும்தான். கல்லறை எண், இறந்த தேதி, போன் நம்பர், மலாயில் எழுதிய முகவரி எல்லாம் அப்படியே இருந்தன. மகன், மகள் என்பதற்கு நாம் வழக்கமாகப் போடும் a/l, a/p கூட நடுவில் தப்பித்து நின்றது. யாரைக் கேட்பது என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியதுதானே. புதன், வியாழன் இரண்டு நாளும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போனில் கிடைக்காதவர்களைத் தேடிக் காடியை ஓட்டிக்கொண்டு போனேன். எல்லாரிடமும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “தப்பு என்னோடது, உங்க போனோடது இல்ல.” வியாழன் மாலைக்குள் இருபத்தாறு பெயர்கள் திரும்பி வந்துவிட்டன.

இருபத்தேழாவது வரி இப்படி இருந்தது:

214. ????????? a/p ????????. 18/7/1991. 11 hari.

பதினொரு நாள் குழந்தை. பெண். பதிவு செய்த போன் நம்பருக்கு முப்பது தடவை அடித்தும் எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்றால் மோசடிக்காரன் என்று இந்த ஊரில் யாரும் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, முகவரியைப் பார்த்துச் செனாயில் ஒரு தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தேன். கடைசி வரிசை வீடு. வாசலில் ஒரு அம்மாள் நாசி லெமாக் சோறு விற்று முடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பெயர் செல்லம் என்றார்.

“மயானத்து லிஸ்ட்டு விஷயமா வந்திருக்கேன் ஆண்ட்டி. உங்க மக பேரு என்ன?”

“எனக்கு ஏதும்மா மக? ஒரே பையன். சிங்கப்பூர்ல வேல.”

தேதியைச் சொன்னேன். அண்டா தேய்த்த கை நின்றது. சோப்பு நுரை முழங்கை வரை வழிந்து சொட்டியது, அவர் துடைக்கவில்லை.

“இத யாரு எழுதிக் கொடுத்தா?”

போன் நம்பரைக் காட்டினேன். அவர் கணவர் ஜெயபாலனின் நம்பர்தான் அது. பேக்டரி பஸ் ஓட்டுகிறாராம், ஓட்டும்போது போனை எடுக்க மாட்டாராம்.

“அவரா? அவரு எழுத மாட்டாரும்மா. வேற யாராச்சும் அவரு நம்பர போட்டிருப்பாங்க.” ஆண்ட்டி எழுந்து உள்ளே போய் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். “பதினோரு நாளுதான் இருந்தா. பதினாறாம் நாளு பேரு வைக்கிறதா இருந்துச்சு. அதுக்குள்ள காய்ச்ச வந்துருச்சு. அவருதான் தூக்கிட்டுப் போயி பொதச்சிட்டு வந்தாரு. குளிச்சாரு. மறுநாளு பால் எடுக்க மரம் வெட்டப் போயிட்டாரு. அன்னையிலேருந்து இன்னை வரைக்கும் அவளப் பத்தி ஒரு வார்த்த பேசுனது கெடையாது. நான் அழுதா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. மறந்துட்டாரு. ஆம்பளைங்களுக்கு அது சுலபம்.”

முப்பத்து நான்கு வருஷத்துக் கசப்பை அவர் விலைவாசி சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. யோசிக்காமல் வாயை விட்டேன்.

“இல்ல ஆண்ட்டி. அவர் ஒரு பேரு எழுதியிருக்காரு. பாருங்க, ஒன்பது கேள்விக்குறி. ஒவ்வொண்ணும் ஒரு எழுத்து இருந்த எடம்.”

ஆண்ட்டி போனை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த ஒன்பது குறிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். அவர் முகத்தில் வந்ததை நான் இதற்கு முன் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. “பேரா? என் புள்ளைக்கா?” என்று கேட்டுவிட்டு, எனக்குத் தேநீர் போட ஓடினார்.

நான் மாமாவிடம் நேரத்தைச் சொல்லலாம் என்று வெளியே காடிக்குப் போனேன்.

“ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, மாமா. அவங்க வீட்டுக்காரர் வரணும். ரெண்டரைக்கு வருவாராம்.”

“அலமாக்! அது வரைக்குமா? கொழந்தைக்கு ஏதாவது ஒரு பேரு போட்டு அனுப்பு லா. யாரு வந்து கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்,” என்று போனை வைத்தேன். வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் மாமா சொன்ன “ஏதாவது ஒரு பேரு” மண்டையில் சுற்ற, ஒன்பதுக்கு என்னென்ன பெயர் பொருந்தும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. கணினிக்கு ‘ல’ போன்ற எழுத்தும் அதனோடு சேரும் கொம்பும் புள்ளியும் தனித்தனி. நமக்கு ஐந்து எழுத்து என்றால் அதற்கு எட்டோ ஒன்பதோ ஆகும். அப்படி விரல் விட்டுக்கொண்டே வந்தபோது ஒரு சொல் கச்சிதமாக உட்கார்ந்தது. பெயரில்லை. பெ இரண்டு, ய ஒன்று, ரி இரண்டு, ல் இரண்டு, லை இரண்டு. ஒன்பது.

பெயர் என்று கேட்ட கட்டத்தில் மனுஷன் உண்மையைத்தானே எழுதியிருப்பார்? பெயர் வைப்பதற்கு முன் போன குழந்தை. ‘பெயரில்லை’ என்று எழுதினால் அது பொதுக் குழிக்குத்தான் போகும். அதைவிட, உள்ளே ஒருத்தி தேநீர் ஆற்றிக்கொண்டு சிரிக்கிறாள், அந்தச் சிரிப்புக்குக் காரணம் என் வாய். ஐந்து மாதத்துக்கு முன் செய்த அவசரம் போதாதென்று இன்றைக்கும் ஒன்று.

உள்ளே போய் உண்மையைச் சொன்னேன். அப்படியும் இருக்கலாம் ஆண்ட்டி, இப்படியும் இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றேன். ஆண்ட்டி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீங்களே இப்ப ஒரு பேரு வைங்க,” என்றேன். “நீங்க அம்மா. உங்களுக்கு இல்லாத உரிமையா? தனி எடம் கெடைக்கும்.”

“நான் மட்டும் வைக்க மாட்டேன்.” குரல் உயரவில்லை, ஆனால் அசையாது என்று தெரிந்தது. “அவருக்கும்தான புள்ள. அவரு மறந்துட்டாருன்னா நான் ஒருத்தியா ஒரு பேர வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? அவரு வரட்டும். என்ன எழுதுனாருன்னு அவரு வாயால கேக்கணும்.”

ரெண்டரை ஆனது. மூன்று ஆனது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் ஆண்ட்டி வாசலைப் பார்ப்பதுமாக இருந்தோம். மூன்றே காலுக்கு வீதி முனையில் பஸ் வந்து நின்றது. ஒல்லியான மனிதர், நீலச் சட்டை, கக்கத்தில் சோற்றுப் பாத்திரம். வீட்டுக்குள் புதிதாக ஒரு பெண்ணைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

“அங்கிள், நான் மயானத்து வெப்சைட் பாக்குற பொண்ணு. நீங்க பதிஞ்சது அழிஞ்சு போச்சு. தப்பு என்னோடது. திரும்ப ஒரு தடவ எழுதித் தரணும்.”

அவர் சமையலறை வாசலைப் பார்த்தார். ஆண்ட்டி நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றார். திருட்டு பிடிபட்டவர்போல அவர் முகம் சிறுத்துவிட்டது.

நான் பதிவுப் பக்கத்தைத் திறந்து போனை நீட்டினேன். அவர் வாங்கி, தூரமாகப் பிடித்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேட ஆரம்பித்தார். ‘ப’ வரிசைப் பக்கம் விரல் போனால் தீர்ந்தது. விரல் கட்டங்களின் மேல் சுற்றி, தயங்கி, ‘க’வைத் தொட்டது. தேடித் தேடி அதைக் ‘கோ’ ஆக்கியது. அது ‘பெயரில்லை’ இல்லை. மனுஷன் ஒவ்வொரு எழுத்துக்கும் அரை நிமிஷம் எடுத்துக்கொண்டார், ஒன்றையும் தப்பாக அடிக்கவில்லை.

முடித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் மனைவியிடம் நீட்டினார். ஆண்ட்டி வாங்கி, உதடு அசைய எழுத்துக் கூட்டினார்.

“கோகிலவாணி.”

“எப்ப வச்சீங்க இத?”

“நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

அவர் தரையைப் பார்த்தார். “பதினாறு நாள் ஆகலையே, செல்லம்.”

ஆண்ட்டி தோளில் கிடந்த ஈரத் துணியை எடுத்து அவரை அடித்தார். தோளில், முதுகில், அழுதுகொண்டே அடித்தார். “முப்பத்து நாலு வருஷமாவா? ஒங்க மனசுக்குள்ள தனியா கூப்புட்டுக்கிட்டு இருந்தீங்களா? நான் ஒருத்தி பேரு இல்லாத புள்ளைக்கு அழுதுக்கிட்டு கெடந்தேனே!” அவர் தடுக்கவில்லை. நின்றபடியே வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்தத் துணியைத்தான் இருவரும் மாற்றி மாற்றி முகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

நான் அங்கே நிற்கக் கூடாத ஆள். ஆனால் மணி நான்கு ஆகப் போகிறது, எனக்கு அந்த வரி வேண்டும். மெதுவாகப் போனை வாங்கி, சேமித்து, பக்கத்தை மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். கோகிலவாணி a/p ஜெயபாலன். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. நானூற்றுப் பதினைந்து பெயர்களையும் ஒரே கோப்பாக்கி நான்கு பன்னிரண்டுக்குக் கண்ட்ராக்டருக்கு அனுப்பினேன். பதில் வரும்வரை அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. பதில் வந்தது. 214-க்குத் தனி இடம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, புதிய மயானத்தில் அவர்களைப் பார்த்தேன். அவ்வளவு சின்னக் குழந்தை, இத்தனை வருஷம். எலும்பு எதுவும் இல்லை. கல்லறை மண்ணைத்தான் ஒரு சிறிய பெட்டியில் போட்டு வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். வேலையாள் அதைக் குழிக்குள் இறக்கக் கை நீட்டினான். செல்லம் ஆண்ட்டி தடுத்தார்.

“நில்லுப்பா. இன்னும் பேரு வைக்கல.” பிறகு கணவரிடம் திரும்பினார். “காதுல மூணு தடவ சொல்லணும். சொல்லுங்க.”

ஜெயபாலன் அங்கிள் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். குனிந்து, துணியின் மேல் வாயை வைத்து ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. மூன்றாவது தடவைக்கு அவரால் முடியவில்லை, உதடு மட்டும் நடுங்கியது. ஆண்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, தானும் குனிந்தார். இருவருமாகச் சேர்ந்து தங்கள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.